நான் எழுதிய பதினான்கு ‘இல்லை’

1

போன வருஷம் இதே வாரத்தில் நான் ஒரு பரீட்சையில் தோற்றேன். நாற்பத்து மூன்று வயதில், பெற்ற மகளின் கண்ணெதிரே, பத்தே நிமிஷத்தில் தோற்றேன். வருஷம் திரும்பிவிட்டது. ஆறிவிட்டது என்றுதான் நினைத்தேன். இந்த வாரம் நடந்த ஒன்று அதை மறுபடி கிளறிவிட்டது. இங்கே யாரிடமாவது சொன்னால் "அப்படியா, பாவம்" என்று பேச்சை வானிலைக்குத் திருப்பிவிடுவார்கள். அதனால் ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள்தான் முழுசாகக் கேட்பீர்கள். கேட்டுவிட்டு நாலு திட்டும் திட்டுவீர்கள்.

எனக்குச் சொந்த ஊர் கீரமங்கலத்துக்குப் பக்கம். இப்போது இருப்பது இங்கிலாந்தின் நடுவே கோவென்ட்ரியில். வந்து பன்னிரண்டு வருஷம். வீட்டுக்காரருக்குக் கார் உதிரி பாகங்கள் வைக்கும் கிடங்கில் வேலை. ஒரே மகள், இனியா. வரும்போது ஆறு வயது, இப்போது பதினெட்டு. நான் புதுக்கோட்டையில் பி.எஸ்ஸி. தாவரவியல் படித்தவள். இங்கே வந்து எட்டு வருஷம், ஐஸ் பெட்டி மாதிரி ஒரு அறையில் நின்றபடி சாண்ட்விச் அடுக்கினேன். இடுப்பு போனதுதான் மிச்சம்.

அதற்கப்புறம் மறுபடி படிக்கக் கிளம்பினேன். என்ன படிப்பு தெரியுமா? முடி எடுக்கிற படிப்பு. சூடான மெழுகைத் தடவி இழுப்பது, நூல் போட்டுப் புருவம் திருத்துவது. கல்லூரிக் காகிதத்தில் ‘தற்காலிக முடி நீக்கச் சிகிச்சை’ என்று பெரிய மனுஷத்தனமாக ஒரு பெயர் போட்டிருந்தார்கள்.

இதை ஊருக்குச் சொன்ன அன்று என் அம்மா, நாங்கள் ஆத்தா என்போம், போனிலேயே வெடித்தாள்.

"ஏண்டி, பி.எஸ்ஸி. படிக்க வச்சு சீமைக்கு அனுப்புனது அடுத்தவ மசுரப் புடுங்கவா?"

"ஏன் ஆத்தா, நீ நாத்துப் புடுங்கலையா?"

"அது நாத்துடி!"

"இதுவும் வேரோட வரணும் ஆத்தா. பாதியில அத்துப்போனா தப்பு."

"வாயி, வாயி. இந்த வாய வச்சுத்தான் நீ கெட்ட. மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"அவருதான் ஃபாரமே வாங்கியாந்தாரு."

"இங்கிட்டு நாலு பேரு கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

"ஆபீஸ் வேலைன்னு சொல்லு."

"எந்த ஆபீஸ்லடி மெழுகு காச்சுறாக?"

சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. ஆத்தாவின் கோபத்துக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். முடி வெட்டுகிற வேலைக்கென்று ஊரில் ஒரு தெருவையே ஒதுக்கி வைத்திருந்தோம். அந்த வீட்டுப் பெரியவர்களை நம் வீட்டுச் சிறுசுகள் என்ன மரியாதையில் கூப்பிட்டன என்பதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நானும் அப்படிக் கூப்பிட்டவள்தான். இன்றைக்கு நினைத்தால் முகம் சுடுகிறது.

2

கல்லூரியில் சேர்ந்ததே ஒரு கூத்து. விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் கேட்டார்கள். நமக்கு ஏது அது? பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது, மதிப்பெண் பட்டியலில் முதலெழுத்து மட்டும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க மூன்று கடிதம் வாங்க வேண்டியிருந்தது. முகவரிக்கு அத்தாட்சி கேட்டார்கள். கரண்டு பில், தண்ணீர் பில் எல்லாமே வீட்டுக்காரர் பெயரில். பத்து வருஷமாக அந்த வீட்டுக் குப்பையைத் தரம் பிரித்து வாசலில் வைத்தவள் நான். காகிதத்தில் பார்த்தால் நான் அங்கே குடியிருக்கவே இல்லை.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஜூலி. ஐம்பதைத் தாண்டியவர், குள்ளம், குரல் மட்டும் கணீரென்று இருக்கும். முதல் வாரம் பாடம் நடத்தும்போது, "முடி ஒரு அரிசி நீளமாவது வளர்ந்திருந்தால்தான் மெழுகு பிடிக்கும்" என்றார். எனக்குக் கை தானாக மேலே போய்விட்டது.

"எந்த அரிசி?"

ஜூலிக்குப் புரியவில்லை. "அரிசிதான்" என்றார்.

"பாஸ்மதியா, பொன்னியா? சீரகச் சம்பா என்றால் அதில் பாதிதானே இருக்கும்?"

கூட இருந்தவர்கள் எல்லாம் இருபது வயதுப் பெண்கள். விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் கேலிக்குக் கேட்கவில்லை, சத்தியமாகச் சந்தேகம்தான். அடுத்த வகுப்புக்கு ஜூலி கையில் ஒரு அளவுகோலோடு வந்தார்.

மெழுகை எடுக்க ஐஸ் குச்சி மாதிரி மரக்குச்சி கொடுப்பார்கள். ஒரு தடவை உடம்பில் தொட்ட குச்சியை மறுபடி மெழுகுச் சட்டிக்குள் விடக் கூடாது, எறிந்துவிட வேண்டும். இந்த ஒரு விதியை அந்தப் பெண்களுக்குப் புரியவைக்க ஜூலி படாத பாடு பட்டார். எனக்குச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. அது எச்சில். சொம்பை வாயில் வைக்காமல் தூக்கிக் குடித்து வளர்ந்தவளுக்கு இதெல்லாம் ஒரு பாடமா? ஜூலி என்னைக் கூப்பிட்டு எல்லோருக்கும் செய்துகாட்டச் சொன்னார். அன்றைக்கு எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போனது.

அந்தக் கனம் நூல் வகுப்பில் இறங்கியது. புதுக்கோட்டை கீழராஜ வீதியில் ஒரு மாடிப் பார்லரில், கல்யாணத்துக்கு முன் மூன்று மாதம் நான் நூல் போடப் பழகியிருக்கிறேன். அங்கே நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொள்வோம். இங்கேயும் பழக்க தோஷத்தில் கடித்தேன். "நிறுத்து!" என்று ஜூலி போட்ட சத்தத்தில் நூல் கீழே விழுந்துவிட்டது. அடுத்தவர் முகத்தில் படுகிற நூலை வாயில் வைக்கலாமா என்று கேட்டார். சோற்றில் எச்சில் பார்த்தவளுக்கு நூலில் பார்க்கத் தோன்றவில்லை, என்ன செய்ய? இங்கே நூலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு செய்கிறார்கள். அதற்குப் பழக எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

மற்றபடி கை நன்றாக ஓடியது. விடியக் காலையில் எழுந்து மல்லிகை பறித்த கை. இழுக்கும்போது மேல்நோக்கித் தூக்காமல் தோலை ஒட்டியே சடக்கென்று இழுக்க வேண்டும், இழுத்த இடத்தில் உடனே உள்ளங்கையை அழுத்தி வைக்க வேண்டும், அப்போதுதான் எரிச்சல் அடங்கும். என் சிக்கல் பேச்சில்தான். பயந்திருந்த ஒரு பெண்ணுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, "கவலைப்படாதீர்கள், மெதுவாக இழுக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். மெழுகை மெதுவாக இழுத்தால் உயிர் போகும். அந்தப் பெண் கட்டிலை விட்டே எழுந்துவிட்டாள்.

3

இவ்வளவு சொல்லிவிட்டு, ஏன் இந்தப் படிப்புக்குப் போனேன் என்பதைச் சொல்லாமல் விட்டால் அது பொய். இடுப்பு வலி ஒரு காரணம். இனியாதான் இன்னொரு காரணம்.

அவளுக்கு மேலுதட்டில் முடி உண்டு. எனக்கும் உண்டு, ஆத்தாவுக்கும் உண்டு. நாங்கள் மஞ்சளைப் பூசிக் காலத்தை ஓட்டியவர்கள். இனியா மஞ்சள் முகத்தோடு இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போவாள்? பதினாலு வயதில் ஒருநாள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அப்பாவின் சவரக் கத்தியை எடுத்துச் சிரைத்துவிட்டாள். உதட்டோரம் கீறி ரத்தம். நான் பதறிப் போய், பதற்றத்தில் நாலு சாத்தாத குறையாகக் கத்தினேன்.

"செரைச்சா கருகருன்னு மொளைக்கும்டி! அப்புறம் ஒங்கப்பா மாதிரி மீசையோட நிப்ப, பாத்துக்க!"

அன்றிலிருந்து அவள் தன் முகத்தை என்னைத் தொட விட்டதில்லை. தலை வாரிவிடப் போனாலும் ஒதுங்கிக்கொள்வாள். பேச்சும் குறைந்தது. பள்ளிக்கூடம் எப்படி? ஃபைன். சாப்பாடு? ஃபைன். உடம்புக்கு என்ன? ஃபைன். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் ஒரு வார்த்தை போடுவாள். இதில் அவள் பேசுவதாக எழுதுவது எல்லாம் பெரும்பாலும் இங்கிலீஷில் சொன்னது, நான்தான் நம் பேச்சில் மாற்றி எழுதுகிறேன்.

படிப்பின் மூன்றாவது வாரம் ஜூலி சொன்னார், சிரைத்தால் முடி தடிமனாகாது, நுனி மழுங்கிப் போவதால் கைக்குச் சொரசொரப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான் என்று. தாவரவியல் படித்தவள், வேர் எது தண்டு எது என்று தெரிந்தவள், பிள்ளையிடம் எவ்வளவு அடித்துச் சொன்னேன்! அன்று சாப்பாட்டு மேசையில் தயங்கித் தயங்கி ஆரம்பித்தேன்.

"இனியா, அன்னிக்கு அம்மா சொன்னது தப்புடி. செரைச்சா கூட மொளைக்காதாம்."

"தெரியும்மா. அன்னைக்கே கூகுள்ல பாத்துட்டேன்" என்றாள், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒருநாள் அவளாக வந்து என் முன்னால் உட்காருவாள், என் கையாலேயே வலிக்காமல் எடுத்துவிடுவேன், அதோடு எல்லாம் சரியாகிவிடும். இப்படி மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுத்தான் படித்துக்கொண்டிருந்தேன். அவளிடம் இதைச் சொன்னதில்லை.

4

கடைசிச் செய்முறைப் பரீட்சைக்கு அவரவர் ஒரு ஆளைக் கூட்டிவர வேண்டும். முக மெழுகுக்கு ஒத்துக்கொண்டிருந்தவள் பக்கத்துத் தெருவில் இருக்கும் போலந்துக்காரப் பெண். பரீட்சை வியாழக்கிழமை. செவ்வாய்க்கிழமை காலையில் அவளுக்குக் காய்ச்சல். தேறினால் திங்கட்கிழமையே வந்து சேரலாம் என்று ஒரு அழகு நிலையத்தில் இடம் வைத்திருந்தார்கள். தேறாவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்கு.

வேறு வழியில்லாமல், திட்டு வாங்கத் தயாராகத்தான் இனியாவைக் கேட்டேன். அவள் போனைப் பார்த்தபடியே, "சரி" என்றாள்.

"நெசமாவாடி?"

"சரின்னு சொன்னேன்லம்மா."

அடுப்படிக்குப் போய் நின்று அழுதேன். சந்தோஷம்தான். அன்றைக்கே அவள் முழங்கை மடிப்பில் துளி மெழுகு வைத்துச் சோதித்துப் பார்த்தேன், அதை ஒரு நாள் முன்னதாகச் செய்தாக வேண்டும். தோல் சிவக்கவில்லை, ஒன்றும் இல்லை.

மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போயிருந்தபோது படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மெழுகு வைப்பதற்கு முன் வருகிறவரிடம் கேட்க வேண்டிய பதினான்கு கேள்விகள். சர்க்கரை உண்டா? ரத்தம் உறையாத வியாதி உண்டா? ஒவ்வாமை? தோலுக்கு மருந்து? ஹார்மோன் கோளாறு? அழகான கையெழுத்தில் இல்லை, இல்லை, இல்லை என்று பதினான்குக்கும் எழுதினேன். பதினெட்டு வயது ஆகாததால் பெற்றோர் கையெழுத்து வேறு வேண்டும். சிகிச்சை செய்பவர் என்ற இடத்தில் நான், பெற்றோர் என்ற இடத்திலும் நான். சாயங்காலம் இனியா படித்துக்கூடப் பார்க்காமல் தன் இடத்தில் கிறுக்கிக் கொடுத்தாள்.

இதில் தப்பு இருப்பதாக எனக்குத் துளிகூடத் தோன்றவில்லை. நீங்களே சொல்லுங்கள், நம் ஊரில் டாக்டர் யாரைக் கேட்கிறார்? காய்ச்சல் எனக்கு இருக்கும். "எத்தனை நாளா இருக்கு?" என்று டாக்டர் என்னைப் பார்த்துத்தான் கேட்பார். "மூணு நாளாங்க, ராவெல்லாம் ஒரே இருமலு, சொல்லச் சொல்லக் கேக்காம மழையில நனைஞ்சுச்சுங்க" என்று ஆத்தா சொல்லும். நாக்கை நீட்டுவது மட்டும்தான் என் வேலை. கல்யாணமாகி ஒரு வருஷம் கழித்துப் போனபோதுகூட, நான் தலைக்கு ஊற்றிய தேதியை ஆத்தாதான் டாக்டருக்குச் சொன்னது. அதுவும் சரியாகச் சொன்னது! எனக்கு அதில் ஒரு நிம்மதிதான். தாய்க்குத் தெரியாதது பிள்ளை உடம்பில் என்ன இருக்கப்போகிறது?

வியாழக்கிழமை. இனியா கட்டிலில் சாய்ந்திருந்தாள். மெழுகு பதமாக உருகியிருந்தது. ஜூலி படிவத்தை வாங்கிப் பார்த்தார்.

"எல்லாவற்றுக்கும் இல்லை. ரொம்ப ஆரோக்கியமான பெண்" என்றார்.

"ஆமாம்" என்றேன், பெருமையாக.

"இது யார் எழுத்து?"

"என்னுடையது."

"அவள் சொல்லி எழுதினீர்களா?"

"நான் அவளுடைய அம்மா" என்றேன். அதுவே போதுமான பதில் என்றுதான் நினைத்தேன்.

ஜூலி கோபப்படவில்லை. ஒரு புதுப் படிவத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். "அவளைக் கேளுங்கள்" என்றார்.

கேட்டேன். கொஞ்சம் எரிச்சலோடுதான் கேட்டேன், நேரம் போய்க்கொண்டிருந்ததே. சர்க்கரை? இல்லை. ஒவ்வாமை? இல்லை. ஆறு கேள்விக்கு இல்லை. ஏழாவது, முகத்தில் ஏதாவது மருந்து போடுகிறீர்களா? இனியா என்னைப் பார்த்தாள். ஜூலியைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

"ஆமா. பருவுக்கு ஒரு ஜெல். டாக்டர் குடுத்தது. நாலு மாசமா போடுறேன்."

அந்த ஜெல்லின் பெயரைச் சொன்னாள். நாங்கள் மனப்பாடம் செய்த பட்டியலில் இருக்கும் பெயர் அது. அந்த மருந்து போட்ட தோல் மேலாக மெலிந்து போயிருக்கும். அதில் மெழுகு வைத்து இழுத்தால் முடியோடு தோலும் கழன்று வரும்.

ஏழாவதுக்கு ‘ஆம்’ என்று எழுதினேன். ஜூலி, "தொடருங்கள்" என்றார். ஒன்பதாவது கேள்வி ஹார்மோன் பற்றியது.

"நீர்க்கட்டி இருக்குன்னு சொன்னாங்க. பீரியட்ஸ் ஒழுங்கா வரல. அதுக்கு மாத்திரை சாப்பிடுறேன்."

என் பிள்ளைக்கு நீர்க்கட்டி என்பது, பரீட்சை அறையில், ஒரு காகிதத்தின் ஒன்பதாவது வரியில் எனக்குத் தெரிய வந்தது. பதினான்கு கேள்வியும் கேட்டு முடித்தேன். எப்படி முடித்தேன் என்று தெரியாது.

"இப்போது என்ன செய்யப்போகிறீர்கள்?" என்றார் ஜூலி.

"மெழுகு வைக்க மாட்டேன்" என்று சொல்லிச் சட்டியை அணைத்தேன்.

"சரியான முடிவு" என்றார் ஜூலி. "ஆனால் தேர்ச்சி கொடுக்க முடியாது. நான் கேட்காமல் விட்டிருந்தால்?" என்றார்.

அந்தப் பிஞ்சு உதட்டுக்கு மேல் மெழுகைத் தடவித் துணியை அழுத்தி, என் கையாலேயே, சடக்கென்று. நல்லபடியாகச் செய்வதாக நினைத்து.

5

பஸ் நிறுத்தத்துக்கு நடந்து வரும்போது எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம்தான்.

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கல."

"தெனம் கேக்குறேனேடி! ஒடம்புக்கு என்ன, ஏன் ஒரு மாதிரி இருக்கன்னு தெனம் தொண்டத்தண்ணி வத்தக் கேக்குறேனே?"

"கேப்ப. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள நீயே பதிலும் சொல்லிருவ. ஒழுங்கா சாப்பிடல, போனையே பாக்குற, தண்ணி குடிக்கல. அப்புறம் அப்பத்தாவுக்கும் ஆத்தாவுக்கும் போன் போட்டுச் சொல்லிருவ."

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பு இல்லை. பஸ் வருகிற வழியாகவும் தெரியவில்லை. அவளே தொடர்ந்தாள்.

"உள்ள கேட்டேல்ல, அப்படிக் கேட்டா சொல்லுவேன்."

"எப்படி?"

"கேட்டுட்டு, பேனாவக் கையில வச்சுக்கிட்டு சும்மா இருந்தேல்ல? அப்படி."

"டாக்டர்கிட்ட தனியாவா போன?"

"ம். ரெண்டு பஸ் மாறி."

"பயமா இல்லியாடி? என்னையக் கூப்பிட்டிருக்கலாம்ல?"

"நீ வந்திருந்தா நீதான பேசியிருப்ப?"

திங்கட்கிழமை வேலை போனது. அதை அங்கே இன்னொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆறு வாரம் கழித்து, காய்ச்சல் தெளிந்த போலந்துக்காரப் பெண்ணோடு போய்த் தேறினேன். இப்போது வேறொரு கடையில் வாரம் நாலு நாள். தேறிய செய்தியைச் சொன்னபோது ஆத்தா, "நல்லாரு போ" என்றது. ஆனால் ஊரில் இன்னும் நான் ஆபீஸ் வேலைதான்.

கடையில் நான் படிவத்தை யாருக்கும் நிரப்பிக் கொடுப்பதில்லை. கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிறேன். சும்மா இருந்தால் ஜனங்கள் எவ்வளவு சொல்கிறார்கள் என்கிறீர்கள்! புருஷன் விட்டுப்போன கதை, மார்பில் கட்டி எடுத்த கதை எல்லாம் வரும். சில சமயம் நம்மவர்கள் தங்கள் பெண்பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வருவார்கள். "இவளுக்கு மேலுதடு எடுத்துவிடுங்கள்" என்று தாய் சொல்வாள். நான் பிள்ளையைப் பார்த்து, "உங்களுக்கு எடுக்க வேண்டுமா?" என்று கேட்பேன். தாய்க்கு முகம் சுருங்கும். இரண்டு பேர் எழுந்தே போயிருக்கிறார்கள். கடை முதலாளிக்கு என் மேல் இதில் வருத்தம் உண்டு.

வீட்டில்தான் கஷ்டம். இனியாவிடம் ஒன்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பது, எனக்கு இடுப்பு வலியைவிடப் பெரிய வேதனை. பாத்திரம் கழுவுகிற சாக்கில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். பத்து தடவைக்கு இரண்டு தடவை சொல்வாள். மீதி எட்டு தடவை ஃபைன்தான். முடியை அவள் எடுக்கவும் இல்லை, எடுக்கச் சொல்லவும் இல்லை. நானும் கேட்டதில்லை. நாலு வாரத்தில் திரும்ப முளைப்பதை எடுத்துவிட்டுச் சம்பளம் வாங்குகிறவள், எது சரி எது தப்பு என்று அவளுக்குச் சொல்ல எனக்கு இப்போது வாய் கூசுகிறது.

6

போன வாரம் இனியா கதவில் சாய்ந்துகொண்டு, "செவ்வாய்க்கிழமை டாக்டர்கிட்ட போறேன். வர்றியாம்மா?" என்றாள்.

எனக்குக் காதை நம்ப முடியவில்லை. "வாரேன்" என்றேன், அலட்டிக்கொள்ளாத மாதிரி.

"ஆனா பேசக் கூடாது."

"பேசல."

டாக்டர் ஒரு குஜராத்திப் பெண்மணி, என் வயதுதான் இருக்கும். அறிக்கைகளைப் பார்த்தார், எடை பார்த்தார். அப்புறம், அவரும் நம் பக்கத்து ஆள்தானே, இனியாவை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"முகத்தில் முடி இருப்பது இவளுக்கு எப்போதிலிருந்து கவலையாக இருக்கிறது?"

பதில் என் நுனி நாக்கில் இருந்தது. பதினாலு வயதிலிருந்து. சவரக் கத்தி எடுத்த நாளிலிருந்து. எனக்குத் தெரியாதா? பல்லைக் கடித்துக்கொண்டு, "அவளைக் கேளுங்கள்" என்றேன்.

இனியா என்னைப் பார்க்காமல், டாக்டரிடம் சொன்னாள்.

"பன்னிரண்டு வயசுல. இந்தியாவுல எனக்கு ஒரு விழா வச்சாங்க. ரோட்டுல பெரிசா என் படம் வச்சாங்க. அதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர்ல என் மீசைய அழிக்கச் சொன்னாங்க அம்மா. நான் பக்கத்துலதான் நின்னேன். அதுவரைக்கும் எனக்கு மீசை இருக்குன்னே எனக்குத் தெரியாது."

ஐயோ! நான் அதைச் சுத்தமாக மறந்தே போயிருந்தேன். இங்கே வந்த பிறகு முதல் தடவை ஊருக்குப் போனபோது, அவள் வயசுக்கு வந்ததற்குச் சடங்கு வைத்தோம். பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரை ஃப்ளெக்ஸ் வைக்க வேண்டும் என்று என் அண்ணன் ஒற்றைக் காலில் நின்றார். படம் எடுத்த ஸ்டூடியோ செல்வத்தின் கடையில் நின்று, கம்ப்யூட்டர் திரையில் விரலை வைத்து, "தம்பி, இந்த ஒதட்டுக்கு மேல லேசா க்ளீன் பண்ணிருங்க" என்று சொன்னவள் நான்தான். பிள்ளை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். நாலு பேர் நாலு விதமாகப் பேசக் கூடாதே என்றுதான் சொன்னேன்.

இந்த இரண்டு வரியையும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும் என்று நெஞ்சு முட்டியது. சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தேன். இனியா சொல்லிக்கொண்டே போனாள், டாக்டர் எழுதிக்கொண்டே போனார்.

வீட்டுக்கு வந்ததும் செல்வத்துக்குப் போன் போட்டேன்.

"செல்வம் தம்பி, இனியா சடங்குப் படம் இருக்காப்பா?"

"அக்கா! எப்படியிருக்கீங்க? ஆறு வருஷம் ஆச்சேக்கா. ஆனா பழைய ஹார்ட் டிஸ்க்ல கெடக்கும். ஆல்பம் தொலைஞ்சுபோச்சா?"

"ஆல்பம் இருக்கு. நீங்க கை வைக்காத படம் வேணும். எடுத்தது எடுத்தபடி."

"அதுல மீச தெரியுமேக்கா? நீங்கதான அழிக்கச் சொன்னீங்க?"

"தெரியட்டும் தம்பி. அனுப்புங்க."

மறுநாள் மத்தியானம் வந்தது. நீலப் பட்டு, தலை கொள்ளாத மல்லிகை, யாரோ ஏதோ சொன்னதற்கு வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிற பன்னிரண்டு வயதுப் பிள்ளை. உதட்டுக்கு மேல் பூனை முடி. ஒன்றும் சொல்லாமல் போனை அவள் கையில் கொடுத்தேன். இரண்டு விரலால் முகத்தைப் பெரிசு பண்ணினாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நான் பாத்திரம் கழுவப் போகவில்லை, அங்கேயே நின்றேன்.

"நல்லாத்தானம்மா இருந்திருக்கேன்?" என்றாள், தமிழில்.

"ஆமாண்டி" என்றேன். அதற்கு மட்டும் நான் பதில் சொன்னேன்.